பல் வலி மட்டும் யாரையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருவதில்லை

ஜூன் 3, 2024 (கேள்வி)

"எனக்குச் சொந்த ஊர் தஞ்சாவூர்ப் பக்கம். தருமபுரி மாவட்டத்தில் ஓர் அரசு மருத்துவமனையின் பல் பிரிவில் சேர்ந்து சில மாதம் ஆகிறது. வருகிறவர்கள் நாற்காலியில் சாய்வதற்கு முன்பே 'பிடுங்கிடுங்க டாக்டர்' என்கிறார்கள். அடைத்துக் காப்பாற்றலாம் என்கிற நிலையில் யாரும் வருவதில்லை. வலி பொறுக்க முடியாமல் போன பிறகுதான் பல் ஞாபகம் வருகிறது. இந்தப் பக்கம் விழிப்புணர்வே இல்லையா?"

ஜூன் 3, இரவு (பதில்)

விழிப்புணர்வை அப்புறம் பார்க்கலாம். முதலில் அந்த வலி விஷயம். வலி வந்தால் ஜனங்கள் உங்களிடம் வருவதில்லை டாக்டர், என்னிடம் வருகிறார்கள். பாலக்கோடு பக்கம் மருந்துக்கடை வைத்திருக்கிறேன்.

கடை திறக்கும்போதே கன்னத்தோடு துண்டைச் சேர்த்துக் கட்டிக்கொண்டு ஒருத்தர் நிற்பார். "பல்லுக்கு மாத்திரை குடுண்ணா." எந்தப் பல், எத்தனை நாளாக என்று கேட்டால் பதில் வராது, அவர் தக்காளி மண்டிக்குப் போகிற அவசரத்தில் இருப்பார். டைக்ளோபினாக், வயிற்றுக்கு ஒரு மாத்திரை, சின்ன பாட்டிலில் கிராம்புத் தைலம். வலி அடங்கும். சில வாரம் கழித்து மறுபடி வரும், மறுபடி மாத்திரை. ஒரு கட்டத்தில் வலி சுத்தமாக நின்றே போய்விடும். "நீ குடுத்த மாத்திரையில சரியாயிடுச்சு" என்று எனக்கு நல்ல பெயர் வேறு.

நடந்தது என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காக எழுதுகிறேன். சொத்தை உள்ளே இறங்கி நரம்பும் ரத்தக்குழாயும் இருக்கிற இடத்தைத் தொட்டதும் அது வீங்குகிறது. சுற்றிலும் கெட்டியான பல், வீங்க இடமில்லை. அதனால்தான் அந்த உயிர் போகிற வலி, ராத்திரி படுத்தால் ரத்தம் தலைப்பக்கம் ஏறி இன்னும் கூடும். கடைசியில் அந்த நரம்பு செத்துவிடுகிறது. செத்த நரம்பு வலிக்காது. ஆள் நிம்மதியாகிவிடுகிறார். உள்ளே வேர் நுனியில் சீழ் பிடித்து எலும்பைக் கரைத்துக்கொண்டிருக்கும். பல மாதமோ சில வருஷமோ போய்க் கன்னம் உப்பிக்கொண்டு உங்கள் அறை வாசலில் நிற்கும்போது பல்லில் பிடித்து இழுக்கக்கூட ஒழுங்காக ஒன்றும் மிச்சமிருக்காது.

ஆக நீங்கள் பார்க்கிற ஆள் வலி வந்ததும் ஓடிவந்தவர் கிடையாது. வலி வந்து, போய், மறந்துபோய், வேறு ஏதோ ஒன்று தள்ளி உங்களிடம் வந்தவர். அந்த வேறு ஏதோ ஒன்று என்ன என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி என்று எனக்குப் படுகிறது.

ஜூன் 4

என் பதிலுக்குக் கீழே ஒருவர், "மருந்துக்கடைக்காரங்க மாத்திரை குடுக்கறதாலதான் டாக்டர்கிட்ட யாரும் போறதில்ல" என்று எழுதியிருக்கிறார். கொஞ்சம் உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் காலை ஆறரை மணிக்கு வாய் திறக்க முடியாமல் நிற்கிறவரிடம் "போ, மாவட்டத் தலைநகருக்குப் போய்ச் சீட்டு எடு" என்று சொல்லிவிட்டு ஷட்டரை இறக்க முடியுமா? வலி மாத்திரை தருகிறேன், கூடவே "இது பல்லைச் சரி பண்ணாது" என்றும் சொல்கிறேன். முதல் பாதியை வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள்.

ஆன்டிபயாட்டிக் வேறு கதை. அமாக்சிசிலின் அட்டையை வெறுமனே காட்டி "இதே மாதிரி நாலு" என்பார்கள். டாக்டர் சீட்டு இல்லாமல் அதை விற்கக் கூடாது, நான் தருவதுமில்லை. அடுத்த தெருவில் கிடைக்கும் என்பதும் எனக்குத் தெரியும். பல்லுக்குள்ளேயே ரத்த ஓட்டம் செத்துப்போன பிறகு மாத்திரை எந்த வழியாக உள்ளே போகும்? சீழை வெளியேற்ற வேண்டும் அல்லது பல்லை எடுக்க வேண்டும். மாத்திரை அதற்குத் துணை மட்டும்தான்.

ஒன்று மட்டும் எல்லோரும் மனதில் வையுங்கள். தாடைக்குக் கீழே, கழுத்துப் பக்கம் வீக்கம் பரவி, விழுங்கக் கஷ்டம், நாக்கு மேலே தூக்குகிற மாதிரி இருக்கிறது, மூச்சு இழுக்கிறது என்றால் பல் பிரிவும் வேண்டாம், மருந்துக்கடையும் வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள். பல்லில் ஆரம்பித்தது உயிரை எடுப்பது இந்த வழியில்தான்.

ஜூன் 6

சரி, யார் தள்ளிவிட்டு இவர்கள் பல் பிரிவுக்கு வருகிறார்கள்?

என் மாமனார் கடைவாய்ப்பல் வலியோடு ரொம்ப நாள் காலம் தள்ளினார். ராத்திரி எழுந்து உப்புத் தண்ணீர் கொப்பளிப்பார், திண்ணையில் உட்கார்ந்து முனகுவார், விடிந்தால் மாட்டைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார். அவருக்கு அது பழகிப்போனது. பழகாதது மாமியாருக்கு. ஒரு நாள் காலையில் மாமியாரே பையில் தண்ணீர் பாட்டிலும் துண்டும் வைத்து, "நீ வரலன்னா நான் போய் என் பல்லையாவது காட்டிட்டு வரேன், இந்த வீட்டில் தூக்கமே இல்ல" என்று கிளம்பினார். மாமனார் பின்னாலேயே போனார். பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தது அவர், முடிவெடுத்தது தூக்கம் கெட்ட இன்னொருவர்.

கடையில் நின்று கேட்கிற கதைகளும் இதே ஜாடைதான். சர்க்கரைக்குப் பார்க்கிற டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்து, "ஈறெல்லாம் சீழா இருக்கு, முதல்ல அங்க போ" என்று சீட்டு எழுதிக் கொடுத்தார் என்று வருகிறவர்கள் உண்டு. சர்க்கரை கட்டுப்படாதவருக்கு ஈறு கெடும், ஈறு கெட்டால் சர்க்கரை இன்னும் கட்டுப்படாது, இரண்டும் ஒன்றையொன்று இழுக்கும். இருதய வால்வு ஆபரேஷனுக்கு முன்னால் வாயில் சீழ் இல்லை என்று பல் டாக்டர் எழுதித் தர வேண்டும் என்பதற்காக வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர் எங்கள் ஊரில் இருக்கிறார். பள்ளிக்கூடத்துக்கு வருகிற சுகாதாரக் குழு (2013-லிருந்து நடக்கிற சிறார் நலத் திட்டம்) பையன் வாயைப் பார்த்துச் சீட்டு எழுதிக் கொடுத்தால், டீச்சர் நச்சரிக்கிறார் என்பதற்காகவே அம்மா கூட்டிப்போகிறார். கூட்டிப்போன இடத்தில் அம்மாவின் பல்லையும் பார்க்கிறார்கள்.

சீட்டு, நச்சரிப்பு, பக்கத்து வீட்டுக்காரர் போய்வந்து "ஊசி குத்தறது எறும்பு கடிச்ச மாதிரிதான்" என்று சொன்ன சாட்சி. இந்த மூன்றில் ஒன்றாவது இல்லாமல் எங்கள் பக்கம் யாரும் பல் பிரிவுக்கு வந்ததாக எனக்கு நினைவில்லை.

ஜூன் 7

"பிடுங்கிடுங்க" என்பதற்குப் பதில் சொல்லாமல் விட்டுவிட்டேன். அதை அறியாமை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள் டாக்டர், அது கணக்கு. நூறு நாள் வேலையில் 2024-ல் தமிழ்நாட்டுக் கூலி நாளைக்கு 319 ரூபாயாக இருந்தது. பிடுங்கினால் ஒரு நாள் கூலியோடு போயிற்று. வேர் சிகிச்சை என்றால் திரும்பத் திரும்ப வர வேண்டும், ஒவ்வொரு தடவையும் கூலி போகும், அப்புறம் அதன் மேல் உறை போட வெளியே அனுப்புவீர்கள், தனியாரில் அது சில ஆயிரம். இதையெல்லாம் விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறக்கிறார்கள். பணம் இருக்கிறவருக்குக்கூட இன்னொரு கணக்கு இருக்கிறது, "நாளைக்கு மறுபடி வலிச்சா?" என்கிற பயம். பிடுங்கிய பல் மறுபடி வலிக்காது. அந்த ஒரு உத்தரவாதத்துக்கு நிகராக நீங்கள் எதைத் தருகிறீர்கள்?

பக்கத்துப் பற்கள் சாயும், எதிர்ப்பல் நீண்டு இறங்கும், ஒரு பக்கமாகவே மென்று மென்று அந்தப் பக்கமும் போகும் என்பதெல்லாம் உண்மை. ஆனால் அவை நாளைக்கு நடக்கிறவை. வலி இன்றைக்கு.

ஜூன் 9

யாராவது கேட்பார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன், கேட்டுவிட்டார்கள். "தருமபுரின்னாலே மஞ்சப் பல்லுதானே, அதுக்கு எல்லாரும் வருவாங்களே?"

வருவதில்லை. இதுதான் விசித்திரம்.

எங்கள் பக்கமும் கிருஷ்ணகிரிப் பக்கமும் பூமிக்கடியில் கருங்கல் பாறை. அந்தப் பாறையிலிருந்து ஃபுளோரைடு நிலத்தடி நீரில் இறங்குகிறது. குடிதண்ணீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை போகலாம் என்பது இந்தியத் தர அளவு. எங்கள் ஊர்களில் அதைத் தாண்டிய ஆழ்துளைக் கிணறுகளில் குடித்துத்தான் நாங்கள் வளர்ந்தோம். பல் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும்போது, அதாவது பிறந்ததிலிருந்து ஏறக்குறைய எட்டு வயசு வரைக்கும், குடிக்கிற தண்ணீர்தான் பல்லில் எழுதும். சிலருக்குச் சுண்ணாம்புக் கோடு, சிலருக்கு மஞ்சள், சிலருக்குப் பழுப்புப் பட்டை, இன்னும் மோசமாக இருந்தால் அங்கங்கே குழி. பெரியவனான பிறகு எந்தத் தண்ணீர் குடித்தாலும் முளைத்த பல்லில் அந்தக் கறை புதிதாக வராது, இருப்பதும் போகாது.

ஆனால் வகுப்பில் எல்லோருக்கும் அப்படியே இருந்தால் அது நோயா? என் பள்ளிக்கூட வகுப்புப் போட்டோவை எடுத்துப் பார்த்தால் வெள்ளைப் பல்லோடு சிரிக்கிறது ஒரே ஒரு பையன், அவன் அப்பா மாற்றலாகி வந்த போலீஸ்காரர். அவனைத்தான் நாங்கள் வேடிக்கை பார்த்தோம்.

இது எப்போது நோயாகிறது தெரியுமா, வெளியூர்க்காரன் பார்க்கும்போது. எனக்குத் தெரிந்த ஒரு பெண் ஓசூர்ப் பக்கம் கம்பெனி வேலைக்குப் போனாள். ஹாஸ்டலில் தென்மாவட்டத்துப் பெண் ஒருத்தி சாதாரணமாகக் கேட்டிருக்கிறாள், "நீ பல்லு தேய்க்க மாட்டியா?" இவள் தினமும் இரண்டு வேளை தேய்க்கிறவள். அடுத்த லீவில் நேராக என் கடைக்கு வந்தாள். வாயைக் கையால் மறைத்துக்கொண்டு "வெள்ளையாக்கற பேஸ்ட் இருக்காண்ணா" என்றாள். அதுவரை இருபது வருஷம் அந்தப் பல்லோடு சிரித்தவள். பேஸ்ட் விற்றால் எனக்கு லாபம்தான், ஆனால் இது மேலே படிந்த கறை இல்லை, பல்லின் மேல் ஓட்டுக்கு உள்ளேயே இருப்பது, தேய்த்தால் போகாது என்று சொல்லிப் பல் டாக்டரிடம் போகச் சொன்னேன். அரசு மருத்துவமனையில் சுத்தம் செய்துவிட்டு அவர்களும் அதையேதான் சொன்னார்களாம். மேல் ஓட்டை லேசாகச் செதுக்குவது, வெளுப்பது, முன்னால் ஒரு மெல்லிய பூச்சு ஒட்டுவது என்று வழிகள் இருக்கின்றன, எல்லாம் செலவு. அவள் கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு முன்பல்லுக்கு மட்டும் பூச்சு போட்டுக்கொண்டாள்.

பெண் பார்க்கும் விஷயமும் இப்படித்தான். உள்ளூருக்குள் சம்பந்தம் என்றால் பேச்சே எழாது, இரண்டு பக்கமும் அதே தண்ணீர். மாப்பிள்ளை கோயம்புத்தூர், சென்னை என்றால் உடனே பல் பிரிவில் கூட்டம்.

செங்கல் தூள், சாம்பல், உப்பு போட்டு இந்தக் கறையைத் தேய்த்து எடுக்கப் பார்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கறை அப்படியே இருக்கும், பல் தேய்ந்து பச்சைத் தண்ணீர் பட்டாலே கூசும். அந்தக் கூச்சத்துக்கும் பேஸ்ட் கேட்டு என்னிடமே வருவார்கள்.

ஜூன் 10

"தண்ணியைக் கொதிக்க வெச்சுக் குடிச்சா ஃபுளோரைடு போயிடும்" என்று எழுதியவருக்கு: போகாது. தண்ணீர்தான் ஆவியாகிப் போகும், ஃபுளோரைடு அப்படியே நிற்கும், இருக்கிற தண்ணீரில் இன்னும் கெட்டியாகும். கிருமிக்குக் கொதிக்க வையுங்கள், இதற்கு அல்ல.

ஜூன் 11

ஒகேனக்கல் திட்டத்தில் காவிரித் தண்ணீர் குழாயில் வந்த பிறகும் ஏன் இந்தக் கறை என்று கேட்டவருக்கு. 1,900 கோடி ரூபாய்க்கு மேல், ஜப்பான் கடனில் போட்ட திட்டம், 2013 மே மாதம் திறந்தார்கள். திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரைடு பாதிப்பைக் குறைப்பது என்று இருக்கிறது. அதற்கப்புறம் பிறந்து காவிரித் தண்ணீர் மட்டுமே குடித்த பிள்ளைக்கு ஆறேழு வயசில் நிலையான முன்பல் முளைத்திருக்கும், அதாவது 2019, 2020 வாக்கிலிருந்துதான் வித்தியாசமே கண்ணுக்குத் தெரியும். என் அண்ணன் வீட்டிலேயே தெரிகிறது, பெரியவனுக்குப் பழுப்புக் கோடு, சின்னவளுக்குப் பால் மாதிரி வெள்ளைப் பல். ஆனால் மோட்டார் பழுது, குழாய் உடைப்பு என்று வராத நாளில் அதே தொட்டியில் ஆழ்துளைத் தண்ணீரை ஏற்றிவிடுகிறார்கள். குழாயைத் திறக்கிறவருக்கு எது எது என்று தெரியாது. நாக்கில் உப்பு கரித்தால் போர் தண்ணீர் என்று கிழவிகள் சொல்வார்கள், ஃபுளோரைடுக்கு நாக்கில் ருசி தெரியாது.

பல்லோடு நிற்கிற விஷயமும் இல்லை இது. ரொம்ப வருஷம் குடித்தால் முட்டி, இடுப்பு, கழுத்து எலும்பெல்லாம் இறுகும். பல்லுக்காவது யாரோ கேலி செய்து அனுப்புகிறார்கள். முட்டி வலிக்கு "வயசாயிடுச்சு" என்று அவரே தீர்ப்பு எழுதிக்கொண்டு என்னிடம் தைலம் வாங்கிப் போகிறார்.

ஜூன் 15

பல் பூச்சியைப் பற்றி யாரும் பேசவில்லையே. சந்தையில் கண்டங்கத்திரி விதையை நெருப்பில் போட்டு, கொட்டாங்கச்சி வழியாகப் புகையை வாய்க்குள் விட்டு, தண்ணீரில் வெள்ளை வெள்ளையாகப் புழு விழுகிறது பார் என்று காட்டுகிறவர்களை என் சின்ன வயசில் பார்த்திருக்கிறேன். கூட்டம் அலைமோதும். பல்லில் புழு கிடையாது. சொத்தை உண்டாவது கண்ணுக்குத் தெரியாத கிருமி, நாம் தின்கிற இனிப்பையும் மாவுப் பண்டத்தையும் தின்று அமிலம் கக்கி, அந்த அமிலம் பல்லைக் கரைப்பதால். ஆனால் ஒத்துக்கொள்ள வேண்டும், அந்தப் புகைக்காரர் ஒன்றைச் சரியாகச் செய்தார், நோயாளி இருக்கிற இடத்துக்கு வந்தார்.

அப்புறம் மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும் என்பது. தருமபுரி, கிருஷ்ணகிரி என்று இல்லை, தமிழ்நாடு முழுக்க இருக்கிறது. பல்லுக்குப் போகிற நரம்பு வேறு, பார்வைக்கான நரம்பு வேறு. அறுபது வயசில் மேல் பல் ஆடுகிறது, அதே அறுபது வயசில் கண்ணில் புரையும் விழுகிறது, இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டார்கள். இந்தப் பயத்தால் கீழ்ப்பல்லுக்கு உடனே வருகிறவர்கள் மேல் பல்லை ஆட்டி ஆட்டியே விழ வைப்பார்கள். செவ்வாய், வெள்ளி ரத்தம் பார்க்கக் கூடாது என்பவர்களும் உண்டு, அதனால் புதன்கிழமை ஓபி சீட்டு வரிசை நீளம் என்று ஒரு நர்ஸ் அக்கா சொல்லிச் சிரிப்பார்.

ஜூன் 22

6-ஆம் தேதிக் குறிப்பைத் திரும்பப் படித்தேன். அதில் ஒன்று குறைகிறது, பஸ்.

2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் காசு கிடையாது. அதற்கப்புறம் பல் வலிக்குத் தனியாகக் கிளம்புகிற பெண்களை நான் அதிகம் பார்க்கிறேன். முன்பெல்லாம் "அவர் வேலையில்லாத நாள்ல போலாம்" என்று தள்ளிப்போடுவார்கள், பணம் அவர் சட்டைப் பையில் இருக்கும். இப்போது பக்கத்து வீட்டு அக்காவும் இவருமாகக் கிளம்பிவிடுகிறார்கள், ஒருத்திக்குப் பல், இன்னொருத்திக்குத் துணை, திரும்பும்போது இரண்டு பேருக்கும் கடைத்தெரு. வலி அதேதான், செலவுக்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை.

இதற்கு நேர்மாறாக ஒன்று யோசித்தேன், சொல்லலாமா என்று தெரியவில்லை, சொல்கிறேன். மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5 அன்று ஆரம்பித்ததே நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். சர்க்கரை, பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. ரொம்ப நல்ல விஷயம், என் அம்மாவுக்கும் வருகிறது. ஆனால் முன்பு மாத்திரை வாங்க மாதம் ஒரு தடவை ஆஸ்பத்திரிக்குப் போனார், அந்த வராண்டாவில் பல் அறையைத் தாண்டிப் போனார், காத்திருக்கிற நேரத்தில் "சும்மா காட்டிட்டு வரலாமே" என்று ஒரு தடவை உள்ளே போய் ஆடுகிற பல்லை எடுத்துக்கொண்டும் வந்தார். இப்போது ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய அவசியம் குறைந்துவிட்டது, போகிற வழியில் நடப்பதும் குறைந்துவிட்டது. பல்லுக்கென்று யாரும் கிளம்புவதில்லை. வேறு வேலையாகப் போன இடத்தில்தான் பல் பார்க்கப்பட்டுக்கொண்டிருந்தது.

ஜூன் 23

மாத்திரை வீட்டுக்கு வருகிற திட்டத்தை நான் குறை சொல்கிறேன் என்று திட்டுகிறவர்களுக்கு: இல்லை, குறை சொல்லவில்லை. படித்துவிட்டுத் திட்டுங்கள்.

ஜூலை 2

லாரி ஓட்டுகிறவர்கள் எங்கள் பக்கம் நிறைய. பெங்களூர் சேலம் ரோட்டில் ராத்திரி முழுக்க விழித்திருக்க வாயில் ஹான்ஸ் புகையிலையோ பாக்கோ ஒதுக்கிக்கொள்வார்கள். குட்காவுக்குத் தமிழ்நாட்டில் 2013-லிருந்து தடை. பக்கத்திலேயே கர்நாடக எல்லை, மேற்கொண்டு எழுதவில்லை.

இவர்கள் எப்படி வருகிறார்கள் என்றால், "ஞானப்பல் முளைக்குதுபோல, வாய் திறக்க முடியல" என்று. சில பேர், "காரமே சாப்பிட முடியல, எரியுது" என்று. பாக்கு மட்டுமே போதும், புகையிலைகூட வேண்டாம், கன்னத்தின் உள்தோல் இறுகிக் கயிறு மாதிரியாகி வாய் திறப்பது குறைந்துகொண்டே வரும். மூன்று விரலை ஒன்றாகச் சேர்த்துச் செங்குத்தாக வாய்க்குள் வைத்துப் பாருங்கள், போகவில்லையென்றால் காட்ட வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், வெள்ளையாகவோ சிவப்பாகவோ திட்டு, தொட்டால் வலிக்காத கட்டி, இவையும் அப்படியே. ஆரம்பத்தில் வலிக்காது என்பதுதான் இதில் கொடுமை. வலித்தால்தான் போவேன் என்று உட்கார்ந்திருப்பவருக்கு வாய்ப் புற்றுநோய் நேரமே கொடுப்பதில்லை.

எனக்குப் பழக்கமான ஒரு டிரைவர் வந்தது பல் வலிக்கு, கண்டுபிடித்தது கன்னத்தின் உள்பக்கத் திட்டு. பல்லைப் பிடுங்க வாயைத் திறக்கச் சொன்ன டாக்டர் பல்லை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாராம். சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள், நல்லவேளையாகப் புற்று இல்லை, பழக்கத்தை விட்டுவிட்டார், மாதாமாதம் காட்டுகிறார். அவருக்கு இன்றைக்கும் அந்தச் சொத்தைப் பல்மேல் ஒரு மரியாதை.

ஜூலை 14

முகாம்களைப் பற்றி எழுதச் சொன்னார்கள். தனியார் பல் மருத்துவக் கல்லூரிகள் ஊருக்கு வேன் அனுப்பி, பள்ளிக்கூட வராண்டாவில் எல்லார் வாயையும் பார்த்து, மறுநாள் பஸ் வைத்து அழைத்துப்போவார்கள். அது தர்மம் மட்டும் இல்லை, தேவை. பல் படிப்பு நான்கு வருஷமும் ஒரு வருஷப் பயிற்சியும். கையால் செய்து காட்டினால்தான் பரிட்சை, செய்து காட்ட ஒரு வாய் வேண்டும்.

என் அக்கா பெண் அப்படி ஒரு கல்லூரியில் படித்தாள். முழுப் பல்செட் கட்டுகிற பரிட்சைக்குப் பல்லே இல்லாத ஆள் தேவை. வீட்டிலேயே இருந்தாள் எங்கள் பெரியம்மா. அளவெடுக்க, கடிப்புப் பார்க்க, மெழுகில் வைத்துப் போட்டுப் பார்க்க, கடைசியாக மாட்ட என்று பல தடவை பஸ் ஏறி இறங்கினார். பஸ் காசு பேத்தியே கொடுத்தாள், வெற்றிலைப் பாக்குக் காசும் கேட்டு வாங்கினார். தெருவில் யாரோ, "என்னா பெரியம்மா, இந்த வயசுல பல்லு கேக்குதா" என்று கிண்டல் செய்ததற்கு அவர் சொன்னது: "பல்லு வேணும்னு யாரு போனா? புள்ளைக்கு மார்க்கு வேணும்னு போனேன்."

அந்தச் செட்டைக் கல்யாணத்துக்கு, கோயில் திருவிழாவுக்குப் போட்டுக்கொள்வார். சாப்பாடு வந்தால் கழற்றி முந்தானையில் முடிந்துகொள்வார். போட்டுக்கொண்டு மெல்லப் பழக வேண்டும், முதலில் மெதுவான பண்டமாக இரண்டு பக்கமும் மெல்ல வேண்டும், ராத்திரி கழற்றித் தண்ணீரில் போட வேண்டும் என்று பேத்தி சொன்னதெல்லாம் காற்றில் போயிற்று. ஆனால் அதைப் பார்த்துவிட்டு அந்தத் தெருவிலிருந்து நிறையக் கிழவிகள் போனார்கள், எனக்குத் தெரிந்து எந்தப் போஸ்டரும் அத்தனை பேரை அனுப்பியதில்லை.

ஆகஸ்ட் 5

கேள்வி கேட்ட டாக்டர் திரும்ப வந்திருக்கிறார். "அப்படியானால் நான் என்ன செய்யட்டும், நாற்காலியை விட்டு நகர முடியாதே" என்கிறார்.

நகர வேண்டாம். உங்கள் கட்டடத்திலேயே சர்க்கரைக்குப் பார்க்கிற டாக்டர் இருப்பார், கர்ப்பிணிகளுக்குப் பார்க்கிறவர் இருப்பார். அவர்கள் கையில் ஒரு கட்டுச் சீட்டு கொடுத்து வையுங்கள். கர்ப்பக் காலத்தில் பல் பக்கமே போகக் கூடாது என்று மாமியார்கள் சொல்வதை, நான்காம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரை தாராளமாகச் செய்யலாம் என்று கர்ப்பிணிகளுக்குப் பார்க்கிற அந்த டாக்டரே சொன்னால் கேட்பார்கள், நீங்கள் சொன்னால் கேட்க மாட்டார்கள். நோயாளியோடு துணைக்கு வந்து வாசலில் நிற்கிறவரை உள்ளே கூப்பிட்டு அவர் வாயையும் ஒரு தடவை பாருங்கள், சொத்தை சின்னதாக இருக்கிற ஆள் அவர்தான், அடைக்கிற பல் உங்களுக்கு அங்கே கிடைக்கும். மறுபடி வரச் சொன்னால் அவர் ஊர் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டுவிட்டு நேரம் சொல்லுங்கள். எனக்கு நெருங்கியவர் ஒருவர் ஓர் ஆஸ்பத்திரியில் (எது என்று வேண்டாம்) வேர் சிகிச்சைக்கு இரண்டாவது தடவை போனபோது நாற்காலி ரிப்பேர், மூன்றாவது தடவை டாக்டர் பயிற்சிக்குப் போய்விட்டார், அதோடு அவர் பாதியில் விட்டுவிட்டார், பல்லும் போயிற்று. ஒரு போன் செய்து "இன்றைக்கு வராதீங்க" என்று சொல்லியிருந்தால் போதும்.

என் கடைக்கும் ஒரு கட்டுச் சீட்டு அனுப்பி வையுங்கள். பல்லுக்கு மாத்திரை கேட்கிறவர் கையில் மாத்திரையோடு சேர்த்துத் திணிக்கிறேன், "வலி நின்னாலும் போ" என்று பெரிய எழுத்தில் போட்டுக் கொடுங்கள்.

ஆகஸ்ட் 6

"அப்பாவுக்கு நாளை பல் எடுக்கணும், எக்கோஸ்பிரின் சாப்பிடறார், நிறுத்திடட்டுமா?" என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். நீயாக நிறுத்தாதே தம்பி. அது இருதயக் குழாயில் ரத்தம் கட்டாமல் இருக்கக் கொடுக்கிற மாத்திரை. ரத்தம் நிற்கக் கொஞ்சம் நேரம் கூடுதலாகலாம், அதைப் பல் டாக்டர் சமாளிப்பார்; நிறுத்தி இருதயத்தில் அடைத்தால் யார் சமாளிப்பது? அப்பா சாப்பிடுகிற எல்லா மாத்திரை அட்டையையும் பையில் போட்டு எடுத்துப்போய்க் காட்டு, அவர் சொல்வதைச் செய். காலையிலேயே போ. பட்டினியாகக் கூட்டிப்போகாதே, இது ரத்தப் பரிசோதனை இல்லை, சாப்பிட்டுவிட்டு, சர்க்கரை மாத்திரை இருந்தால் அதையும் போட்டுக்கொண்டு போகட்டும். எடுத்த பிறகு பஞ்சை அரை மணி நேரமாவது இறுகக் கடிக்க வேண்டும். அன்றைக்குக் கொப்பளிக்கக் கூடாது, பீடி கூடாது, துப்பவே கூடாது, துப்பினால் உறைந்த ரத்தம் பிய்ந்து வந்துவிடும். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார வைக்காதே, பழக்கதோஷத்தில் துப்புவார். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போ, நீ ஒருத்தன் சொன்னால் கேட்க மாட்டார்.